பின்வண்டியிலும் ஓர் ஓட்டுநர்

வீடு மாறுதல் தாம்பரத்து மக்களுக்குப் புதிய அனுபவம் அன்று. எண்ணிப் பார்த்தால், சென்னையின் இந்தத் தென்புறநகரே மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கியவற்றால் உருவானது எனலாம். நகரின் நடுவே இட நெருக்கடியில் இயங்கிவந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டில் தாம்பரத்துக் காட்டு நிலத்திற்கு இடம் பெயர்ந்தது. 1855இல் சென்னையில் தோன்றிய உயிரியல் பூங்கா 1985இல் வண்டலூருக்கு வந்து சேர்ந்தது. தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு, 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திற்கு வந்துவிட்டன. கல்லூரியும் காட்டு விலங்குகளும் பேருந்துகளுமே இடம் பெயரும்போது மனிதர் பெயர்வதில் வியப்பென்ன? 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய காலம் முதல், பிழைப்பைத் தேடி வருவோரும், வாடகை கட்டுப்படியாகாமல் இன்னும் தெற்கே நகர்வோருமாக இப்பகுதியில் குடும்பங்கள் ஓயாமல் பயணம் செய்துகொண்டே இருக்கின்றன.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர்த் தெருக்களில் நடந்து பாருங்கள். ஏதேனும் ஒரு வாசலில் ஒரு லாரியோ, மக்கள் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கும் சிறு சரக்கு வண்டியோ நின்றுகொண்டிருக்கும். பள்ளித் தேர்வு முடிந்த மே மாதமாயின் சொல்லவே வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் மட்டும் தெரு அமைதியாக இருக்கும். நாளும் கிழமையும் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளும் நம் குடும்பங்களிலும் ஆடியில் வீடு மாறுவோர் அதிகம் இல்லை. பீரோவும் கட்டிலும் முதலில் ஏறும். குளிர்பதனப் பெட்டி நின்ற நிலையிலேயே கயிறு கட்டப்படும். பாத்திர மூட்டைகள் இடுக்குகளை நிரப்பும். துளசித் தொட்டி இல்லாத நம் வீடுகளில் மாதா சுரூபம் ஒரு துணியில் சுற்றப்பட்டு இல்லத் தலைவியின் மடியில் இடம்பெறும். எல்லாம் ஏறி முடிந்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி எழும்: "பெரியவரை எங்கே உட்கார வைப்பது?"

இந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகின்றேன். அதற்கு, வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டியொன்று தன் பின்னால் ஒரு காரை இழுத்துச் செல்லும் முறையை வாசகர்கள் என்னோடு சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு.

அமெரிக்காவில் வாழும் என் அக்கா மகன் சில ஆண்டுகளுக்கு முன் ஹூஸ்டன் நகரிலிருந்து அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்தான். ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தூரம். நம் ஊரில் லாரி என்றால் ஓட்டுநரோடும் சுமையாட்களோடும் சேர்ந்தே வரும். அங்கோ, வெறும் லாரியை வாடகைக்கு எடுத்து, சாமான்களைத் தாமே ஏற்றி, தாமே ஓட்டிச் சென்று, போய்ச் சேரும் ஊரில் உள்ள கிளையில் ஒப்படைத்துவிடுகிறார்கள். இந்த வழக்கத்தைப் பரவலாக்கியவர்கள் லெனார்ட் ஷோன், அன்னா மேரி ஷோன் என்னும் இளம் தம்பதியர். 1945இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து போர்ட்லாண்டுக்கு வீடு மாற முனைந்தபோது, ஓர் ஊரில் எடுத்து மற்றோர் ஊரில் விட்டுவிடக்கூடிய இழுவைப் பெட்டி எதுவும் வாடகைக்குக் கிடைக்காமல் இவர்கள் திண்டாடினார்கள். தம்மைப் போல் எத்தனை பேர் திண்டாடுவார்கள் என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே இன்று அங்கே தெருவெங்கும் காணப்படும் யூ-ஹால் நிறுவனம். குடும்பத்தின் காரையும் விட்டுச்செல்ல முடியாதே! அதற்கும் வழி உண்டு. முன்னிரு சக்கரங்களை மட்டும் தூக்கி வைத்துக்கொள்ளும் சிறு இழுவை வண்டி ஒன்று. நான்கு சக்கரங்களையும் ஏற்றிக்கொள்ளும் மேடை போன்ற வண்டி மற்றொன்று. இரண்டில் ஒன்றை லாரியின் பின்னே மாட்டி, அதன்மேல் காரை ஏற்றிப் பட்டைகளாலும் சங்கிலிகளாலும் கட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பயணத்தைப் பற்றித் தொலைபேசியில் என்னிடம் விரிவாகச் சொன்னான். "மாமா, பின்னால் வருகிற கார் கண்ணாடியில் தெரியவே தெரியாது. வளைவுகளில் திரும்பும்போதுதான் அதன் ஓரம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மற்ற நேரமெல்லாம் அது இருக்கிறது என்று நம்பித்தான் ஓட்டவேண்டும்" என்றான். மணிக்கு 55 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. திருப்பங்களில் வழக்கத்தைவிட அகலமாகச் சுற்றித் திரும்ப வேண்டும். முன்னால் உள்ள வண்டிக்கும் தனக்கும் நடுவே நிறைய இடைவெளி விட வேண்டும். முன்சக்கரம் மட்டும் தூக்கிய நிலையில் பின்னோக்கி நகரவே கூடாது. ஆகவே, உணவுக்காக நிறுத்தினாலும் நேராக முன்னோக்கி வெளியேறக்கூடிய இடமாகப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். நிறுத்திய ஒவ்வொரு முறையும் இறங்கிச் சென்று, பட்டைகள் தளர்ந்திருக்கின்றனவா என்று கைவைத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு கவனம் தேவைப்பட்ட அந்தக் காரில், ஓடும்போது எவரும் அமரக்கூடாது. பயணம் முடியும்வரை அது கார் அன்று, சாமான்களில் ஒன்று.

இக்காட்சியின் வேறொரு வடிவத்தை நம் ஜி.எஸ்.டி. சாலையிலும் காணலாம். தொழிற்சாலைகளிலிருந்து புத்தம் புதிய கார்களை அடுக்கடுக்காக ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகள் இச்சாலையில் பழகிப்போனவை. மறைமலைநகரில் இருந்த பெரிய தொழிற்சாலை ஒன்றில் 2022இல் கார் உற்பத்தி நின்றுவிட்டபோதிலும், ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் கார்கள் இன்னும் இப்படித்தான் ஊர் ஊராகப் போகின்றன. அந்தக் கார்களில் ஆள் இல்லை, தேவையும் இல்லை. சக்கரங்கள் தரையைத் தொடாதபோது அது சரக்கு. சரக்குக்கு வழி தெரிய வேண்டியதில்லை.

ஆனால், பழுதாகி நின்ற ஒரு காரைக் கயிறு கட்டி இழுக்கும்போது நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. அதன் நான்கு சக்கரங்களும் தரையில் ஓடுகின்றன. இயந்திரம் இல்லையே தவிர, அது வண்டியாகவே இருக்கிறது. நடுவண் அரசு 1989இல் வெளியிட்ட சாலை விதிமுறைகளில் இதற்கெனத் தனிப் பிரிவே இருந்தது. இழுக்கப்படும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில், அந்த வண்டியை ஓட்ட உரிமம் பெற்ற ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். அல்லது அதன் முன்சக்கரங்கள் தரையிலிருந்து தூக்கி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். இரு வண்டிகளுக்கும் இடையே உள்ள தூரம் ஐந்து மீட்டரைத் தாண்டக்கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். 'இழுக்கப்படுகிறது' எனப் பொருள்படும் 'ஆன் டோ' என்னும் சொற்கள் வெள்ளைப் பின்னணியில், 75 மில்லிமீட்டருக்குக் குறையாத கறுப்பு எழுத்துகளில் பின்னால் காணப்பட வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். 2017இல் புதிய விதிமுறைகள் இவற்றின் இடத்திற்கு வந்துவிட்டன. எனினும், அந்தப் பழைய விதியை நான் படித்தபோது, சட்டம் எழுதியவர்கள் தம்மையறியாமல் ஒரு குடும்பப் பாடத்தையும் எழுதிவைத்திருக்கிறார்களே என்று தோன்றியது. இழுக்கப்படுகிறது என்பதற்காக ஒரு வண்டியை ஆளில்லாமல் விட்டுவிடக்கூடாது. தன் பலத்தில் ஓட முடியாத வண்டிக்கும் ஓர் ஓட்டுநர் வேண்டும்.

இதன் பொருளை நான் நேரில் உணர்ந்துகொண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் நான் பணியாற்றிய காலத்தில், பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தம் மகன் குடும்பத்தோடு திண்டிவனத்திற்குக் குடிபெயர்ந்தார். ரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், வயது 78. மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் வங்கி அலுவலர், திண்டிவனத்திற்கு மாற்றலாகியிருந்தார். தந்தையைத் தனியே விட்டுச்செல்ல மனமில்லாத நல்ல மகன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் நான் சொல்லப்போவது கெட்ட பிள்ளைகளைப் பற்றியதன்று.

சாமான் ஏற்றும் காலையில் அவர்களை வழியனுப்ப நான் போயிருந்தேன். நான்கு நாள்களாக வீடு அல்லோலகல்லோலப்பட்டிருந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதையெல்லாம் மகனும் மருமகளும் தீர்மானித்திருந்தார்கள். அம்மாவின் அம்மிக்கல் விடப்பட்டது. பெரியவரின் கருவிப் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அவரோ முன்வாசலில் ஒரு மர நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வேலையும் இல்லை, ஃபாதர்" என்றார் என்னைப் பார்த்து. சற்று நேரத்தில் சுமைதூக்கும் தோழர் ஒருவர் வந்து, "ஐயா, கொஞ்சம் எழுந்திருங்க" என்று மரியாதையோடுதான் சொன்னார். எழுந்தார். அந்த நாற்காலியும் லாரியில் ஏறியது. அதன்பின் பெரியவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் கார் இருந்தது. 2014இல் அந்தக் கார்களின் உற்பத்தியே நின்றுபோனது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அதை விற்றுவிடலாம் என்று மகன் எவ்வளவோ சொல்லியும், அந்த ஒன்றில் மட்டும் பெரியவர் இணங்கவில்லை. ஆகவே, லாரி முன்னே செல்ல, மகன் காரை ஓட்ட, தந்தை அருகில் அமர்ந்து வருவது என்று முடிவாயிற்று. மருமகளும் பிள்ளைகளும் முன்னதாகவே பேருந்தில் புறப்பட்டுவிட்டார்கள். புது வீட்டை மந்திரித்துப் பால் காய்ச்ச வேண்டும் என்று அழைத்ததால் நானும் காரின் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டேன்.

வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் எல்லாம் தாண்டிச் சிங்கப்பெருமாள்கோயிலை நெருங்கும்போது காரின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பு பழுதாகிவிட்டது. இனி இயந்திரத்தை ஓட்டினால் அது முற்றிலும் கெட்டுவிடும் என்று பெரியவர் சொல்ல, மகன் ஓரங்கட்டி நிறுத்தினார். முன்னே சென்ற லாரியும் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், சாலையிலேயே நரைத்த தலை. செங்கல்பட்டில் தெரிந்த பட்டறை இருப்பதாகவும், பத்துக் கிலோமீட்டர்தான் இருக்கும் என்றும், கட்டி இழுத்துப் போய்விடலாம் என்றும் சொன்னார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்து, "பின்னாடி வண்டியில யாரு உட்காருறது?" என்று கேட்டார்.

"நான் உட்காருகிறேன். அப்பா லாரியில் ஏறிக்கொள்ளட்டும்" என்றார் மகன்.

"கட்டி இழுக்கிற வண்டியில இதுக்கு முன்னால உட்கார்ந்திருக்கீங்களா, தம்பி?"

மகன் இல்லையென்று தலையசைத்தார். ஓட்டுநர் பெரியவர் பக்கம் திரும்பினார்.

"கயிறு தொய்ஞ்சா வெட்டும்; வெட்டினா அறுந்துடும். தொய்ய விடமாட்டேன்" என்றார் பெரியவர். அன்று காலையிலிருந்து அவர் சொன்ன மிக நீண்ட வாக்கியம் அதுதான். சட்டைப் பையிலிருந்து உரிமத்தையும் எடுத்துக் காட்டினார். ஓட்டுநர் சிரித்துவிட்டு, "அப்ப ஐயாவே உட்காரட்டும்" என்றார். மகன் தயக்கத்தோடு என்னைப் பார்த்தார். நான் பெரியவரோடு அமர்வதாகச் சொன்னேன். மகன் லாரியின் முன்னறையில் இடப்பக்கச் சன்னலோரமாக ஏறினார்.

லாரி ஓட்டுநரின் கைத்திறனைச் சொல்லாமல் இருக்க முடியாது. கயிற்றைப் பம்பரில் கட்டாமல், அடிச்சட்டத்தோடு சேர்ந்த இரும்பில் கட்டினார். பம்பர் மெல்லிய தகடு. ஒரு வெட்டு வெட்டினால் பிய்ந்துகொண்டு வந்துவிடுமாம். கயிற்றின் நடுவே ஒரு வெள்ளைத் துணியை முடிந்தார். சாமான் கட்டிய அட்டைப் பெட்டி ஒன்றின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, மகன் கொட்டை எழுத்தில் அறிவிப்பை எழுதிக் காரின் பின்புறம் கட்டினார். பெரியவர் கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியைத் திருப்பிவைத்தார். இக்காலத்துக் கார்களில் இயந்திரம் நின்றுவிட்டால் இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு பிரேக் கல்லைப்போல் இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். இரண்டுக்கும் துணைநிற்பது இயந்திரத்தின் பலம். பெரியவரின் பழைய காரிலோ அத்தகைய துணை ஏதும் கிடையாது. மிதிக்கும் காலின் பலமே பிரேக்கின் பலம். இயந்திரம் உயிரோடிருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரேபடிதான் பிடிக்கும்.

லாரி மெல்ல நகர்ந்தது. கயிறு தரையிலிருந்து எழுந்து, விறைத்து, எங்களையும் இழுத்தது. எங்களுக்கு முன்னால் சாலை என்று ஒன்று தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் லாரியின் பின்புறம்தான். கட்டில் கால்கள், சுருட்டிய பாய்கள், காலையில் அவர் அமர்ந்திருந்த நாற்காலி; வெளிப்புறம் பார்த்தபடி பழைய சேலை ஒன்றால் கட்டப்பட்டிருந்த நிலைக்கண்ணாடிப் பீரோ. அந்தக் கண்ணாடிக்குள் எங்கள் கார் எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. ஒரு மனிதர் தம் வீடு முழுவதையும் முதுகுப்புறமாகப் பார்த்துக்கொண்டே அதன் பின்னால் போவது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை அன்று அருகிலிருந்து பார்த்தேன்.

அப்போதுதான் ஒரு செய்தியைப் புரிந்துகொண்டேன். இழுப்பது முன்வண்டியின் வேலை. ஆனால் கயிற்றைக் காப்பது பின்வண்டியின் வேலை. முன்வண்டி வேகத்தைக் குறைத்தால், பின்வண்டி அதற்கு ஒரு கணம் முந்தித் தன் பிரேக்கை இலேசாகத் தொட வேண்டும். இல்லையெனில் கயிறு தரையில் விழும். சக்கரம் அதன்மேல் ஏறும். அல்லது லாரி மீண்டும் வேகமெடுக்கும்போது சாட்டைபோல் இழுத்து அறுந்துபோகும். சாலை சற்றே இறங்கும் இடங்களில் பெரியவரின் கால் அழுத்தமே எங்கள் காரை மட்டுமன்றி, ஓரளவுக்கு அந்த லாரியையும் பிடித்து வைத்திருந்தது. இயந்திரம் செத்துப்போன அந்தக் காருக்கு அங்கே செய்வதற்கு உண்மையான வேலை இருந்தது.

ஆனால், முன்னால் என்ன வருகிறது என்பது தெரியாமல் எப்படி முந்திக்கொண்டு பிரேக் பிடிப்பது? அதற்கும் வழி பிறந்தது. முதல் சில நிமிடங்களிலேயே லாரியின் இடப்பக்கச் சன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. மகனுடைய கை. முன்னால் நெரிசல் என்றால் அது கீழ்நோக்கி அசைந்தது. வழி விட்டால் முன்னோக்கி அழைத்தது. பரனூர்ச் சுங்கச்சாவடி நெருங்கியபோது வெகு முன்பாகவே அந்தக் கை இறங்கிவிட்டது. பெரியவரின் பார்வை அந்தக் கையை விட்டு அகலவில்லை. மகன் தந்தைக்குக் கண்ணானார். தந்தை மகனேறிய வண்டிக்குப் பிரேக்கானார். கொளவாய் ஏரி பக்கத்தில் விரிந்து கிடந்ததை நான் மட்டுமே பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

அரை மணி நேரத்திற்குச் சற்று மேலாயிற்று. செங்கல்பட்டுப் பட்டறை வாசலில் இறங்கியதும் லாரி ஓட்டுநர் கயிற்றைக் கையால் தடவிப் பார்த்து, "ஒரு தடவைகூட வெட்டலைங்க" என்றார். மகன் தந்தைக்குத் தேநீர் வாங்கிவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அப்பா, திண்டிவனம் வீட்டில் இந்த வண்டியை எங்கே நிறுத்தலாம்? முன்பக்கமா, பக்கவாட்டிலா?" என்று கேட்டார். அந்த வீடு மாறுதலில் பெரியவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். பெரியவர் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். பிறகு, வீட்டின் அமைப்பைத் தரையில் ஒரு குச்சியால் வரையச் சொன்னார்.

காரை மறுநாள்தான் தர முடியும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். தந்தையும் மகனும் லாரியிலேயே பயணத்தைத் தொடர்ந்தார்கள். இரண்டு நாள் கழித்து இருவருமாகப் பேருந்தில் வந்து காரை எடுத்துச் சென்றார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

இந்நிகழ்ச்சி என்னைத் தொடக்கநூலின் 45, 46ஆம் அதிகாரங்களுக்கு அழைத்துச் சென்றது. வீடு மாறும் வண்டிகளைப் பற்றித் திருவிவிலியத்தில் வரும் நெஞ்சைத் தொடும் பகுதி அதுவே. யோசேப்பு தம் வயது முதிர்ந்த தந்தை யாக்கோபை எகிப்துக்கு அழைத்துவர வண்டிகளை அனுப்புகிறார். பிள்ளைகள் வந்து சொன்ன சொல்லை யாக்கோபு முதலில் நம்பவில்லை. வாசலில் வந்து நின்ற வண்டிகளைக் கண்ட பிறகே அவருடைய உயிர் ஊக்கம் பெறுகிறது. ஆனால் கவனியுங்கள்: போவதென்று தீர்மானிப்பவர் யாக்கோபே. பெயேர்செபாவில் பயணத்தை நிறுத்திப் பலி செலுத்துபவரும் அவரே. பிறர் அனுப்பிய வண்டியில், பிள்ளைகள் ஏற்றிச்செல்ல, அவர் போகிறார் என்பது உண்மை. எனினும், கோசேனுக்கு வழி காட்டுமாறு யூதாவை முன்னே அனுப்புவது அவர்தான். 130ஆம் வயதில் பார்வோன் முன் நின்று, அவனிடம் ஆசி பெறாமல், அவனுக்கு ஆசி வழங்குகிறார். அதன்பின் 17 ஆண்டுகள் அந்நிய மண்ணில் வாழ்ந்து, தம்மை எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்பதையும் தாமே சொல்லிவிட்டுக் கண்மூடுகிறார். அந்த முதியவர் வண்டியில் ஏற்றப்பட்டார். ஆனால் சரக்காக ஏற்றப்படவில்லை.

இன்று நம் பங்குகளில் வீடு சந்திக்கச் செல்லும்போது நான் காண்பது என்ன? மேடவாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் எழுந்து நிற்கும் அடுக்கு மாடிக் குடியிருப்புகளில், கடலோரக் கிராமங்களிலிருந்தும் கரிசல் காட்டு ஊர்களிலிருந்தும் அழைத்து வரப்பட்ட தாய் தந்தையர் இருக்கிறார்கள். பிள்ளைகள் அவர்களைக் கைவிடவில்லை. நல்ல உணவும் மருந்தும் மின்விசிறியும் தருகிறார்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. அது பிள்ளைகளிடம் கேட்பதையெல்லாம் இவர்கள் சட்டம் கேளாமலே செய்கிறார்கள். ஆயினும் அந்த முதியோரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "மாத்திரை போட்டீங்களா?" இன்று என்ன சமைக்கலாம் என்றோ, பேத்தியை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்றோ, ஊர் நிலத்தை என்ன செய்யலாம் என்றோ அவர்களை எவரும் கேட்பதில்லை. பத்திரமாகக் கட்டப்பட்டு, பத்திரமாக இறக்கப்பட்ட சாமான்களைப்போல் அவர்கள் சன்னலோரம் அமர்ந்திருக்கிறார்கள்.

பின்வண்டியில் இருப்பவர்க்கும் ஒரு நியதி உண்டு என்பதையும் மூத்தோர்க்குச் சொல்லியாக வேண்டும். வழியைத் தீர்மானிப்பது முன்வண்டி. அது இடப்பக்கம் திரும்பும்போது பின்வண்டி வலப்பக்கம் ஒடித்தால் இருவர்க்கும் ஆபத்து. எப்போதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் சக்கரம் சூடேறும், கயிறும் தாங்காது. தொட வேண்டிய நேரத்தில் தொட்டு, விட வேண்டிய நேரத்தில் விடுவதே அங்கே திறமை. பிள்ளைகள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் தடுத்து நிறுத்துவது பெரியோர் செய்யும் பணியாகாது. இடைவெளிக்கும் ஓர் அளவு உண்டு. கயிறு மிகக் குறுகினால் மோதல். மிக நீண்டால் நடுவில் வேறு வண்டிகள் புகுந்துவிடும். ஒரே வீட்டில் வாழும் இரு தலைமுறைகளும் இதை நன்கறிவர்.

ஆனால் முதல் பொறுப்பு முன்னால் செல்பவர்க்கே உரியது. கயிற்றின் முன்முனை அவர்கள் கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் என் அக்கா மகன் பின்னால் வரும் காரைக் கண்ணால் காணாமலே, அது இருக்கிறது என்ற நினைவோடு ஒவ்வொரு திருப்பத்தையும் அகலமாகத் திருப்பினான். ஆளில்லாத காருக்கே அவ்வளவு கவனம் வேண்டுமெனில், ஆள் அமர்ந்திருக்கும் வண்டிக்கு எவ்வளவு வேண்டும்! சன்னல் வழியாக ஒரு கை வெளியே நீள வேண்டும். முன்னால் என்ன வருகிறது என்று பின்னால் இருப்பவர்க்குச் சொல்ல வேண்டும். பணியில் நெருக்கடி, கடனில் இழுபறி, இடமாற்றம் பற்றிய பேச்சு ஆகியவற்றை வீட்டுப் பெரியவர் அண்டை வீட்டார் வாயிலாக அறிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது. முன்கூட்டித் தெரிந்தால் அவர் தம் பங்குக்குக் காலை வைத்துப் பிடிப்பார். பல குடும்பங்கள் பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது அவற்றைக் காப்பது அந்தப் பழைய பிரேக்தான்.

இது பெரிய தியாகம் எதையும் கேட்பதில்லை. வீட்டுச் சாவி ஒன்றைப் பெரியவர் கையிலும் கொடுங்கள். மாதா சுரூபத்தை எந்தச் சுவரில் வைப்பது என்பதை அம்மாவே சொல்லட்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரிக்கும்போது, அவர்களுடைய பொருளை அவர்கள் கையாலேயே பிரிக்க விடுங்கள். அம்மிக்கல் லாரியில் ஏறுவதால் லாரி கவிழ்ந்துவிடாது. லாரி வந்து வாசலில் நிற்கும் நாளில், பெரியவர் அமர்ந்திருக்கும் நாற்காலியை மட்டும் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள்.